உதவிப் பணம் யார் கண்ணுக்குத் தெரிய வேண்டும்?

பந்தலூரிலிருந்து எழுதியிருக்கும் நண்பர் கேட்டிருப்பது இது: போர் முடிந்த நாடுகளுக்கு ஆயிரக்கணக்கான கோடி வெளிநாட்டு உதவி வருகிறதே, அதை ஒளிவுமறைவு இல்லாமல் நிர்வகிக்க வழி உண்டா, வரவு செலவு முழுவதையும் இணையத்தில் போட்டுவிட்டால் ஊழல் நின்றுவிடாதா? கேள்வியின் கடைசியில், போகிற போக்கில் சொல்வதுபோல, இரண்டு செய்திகளையும் சேர்த்திருக்கிறார். கிளிநொச்சியில் இருக்கும் அவருடைய பெரியம்மா குடும்பத்துக்கு இந்திய வீட்டுத் திட்டத்தின் கடைசித் தவணை வரவில்லை. அவருடைய பாட்டி சிலோனிலிருந்து தாயகம் திரும்பியபோது கிடைத்த வியாபாரக் கடனில் பெரும்பகுதி தரகர் கைக்குப் போய்விட்டது. உண்மையான கேள்வி அந்தக் கடைசி வரிகளில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். கொடுத்தவர் கணக்கில் கொடுத்ததாக இருக்கிறது, வாங்க வேண்டியவர் கையில் இல்லை, இடையில் என்ன நடந்தது என்பதை யார் பார்த்திருக்க முடியும், ஏன் பார்க்கவில்லை என்பதுதான் அவர் கேட்பது.

என்னைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன். நான் கோத்தகிரிக்காரன். நீலகிரியில் வெளிநாட்டு நன்கொடை வாங்கும் தொண்டு நிறுவனங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்து பல ஆண்டுகள் கழித்தேன்; 2009க்குப் பிறகு வவுனியாவில் ஓர் உதவி அமைப்பின் நிதிப் பிரிவில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். வீடு, கிணறு, சிறு சாலை, பள்ளிக்கூடக் கூரை ஆகியவற்றின் கணக்கு எனக்குக் கைவந்தது. துறைமுகம், மின்நிலையம் போன்ற பெரும் ஒப்பந்தங்களை நான் உள்ளே இருந்து பார்த்ததில்லை. அவற்றைப் பற்றிச் சொல்வது வெளியான ஆவணங்களைப் படித்ததன் அடிப்படையில் மட்டுமே.

முதலில் எண்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. செய்தியில் வரும் பெரிய தொகை அநேகமாக உறுதிமொழிதான். உறுதிமொழி வேறு, ஒதுக்கீடு வேறு, விடுவிப்பு வேறு, களத்தில் செலவானது வேறு. 2003 ஜூன் மாதம் டோக்கியோவில் கூடிய கொடையாளர் மாநாட்டில் இலங்கைக்கு 450 கோடி டாலர் அறிவிக்கப்பட்டது. அது நான்கு ஆண்டுகளுக்கு உரியது, அமைதி முயற்சியின் முன்னேற்றத்தோடு இணைக்கப்பட்டது. அமைதி முயற்சி என்ன ஆயிற்று என்பது நமக்குத் தெரியும். ஆனாலும் "450 கோடி டாலரை யார் தின்றார்கள்" என்று கேட்பவர்களை இன்றும் சந்திக்கிறேன். வராத பணத்தைத் திருட முடியாது. எனவே எந்தத் தொகையைப் பற்றிப் பேசினாலும் அது இந்த நான்கில் எது என்று முதலில் கேட்க வேண்டும், அடுத்து அது மானியமா கடனா என்று கேட்க வேண்டும். இந்த இரண்டைக் கேட்டாலே பாதிப் புரளி அடங்கிவிடும்.

இரண்டாவது எச்சரிக்கை, கணக்கு இல்லாததும் திருட்டும் ஒன்றல்ல. இராக்கில் 2003-04 காலத்தில் அமெரிக்கா தலைமையிலான இடைக்கால நிர்வாகம், இராக்கின் சொந்த எண்ணெய் வருமானத்திலிருந்தும் முடக்கிவைக்கப்பட்ட சொத்துகளிலிருந்தும் ஏறத்தாழ 1,200 கோடி டாலரை ரொக்கமாக, நியூயார்க்கிலிருந்து விமானத்தில் கட்டுக்கட்டாக ஏற்றிக் கொண்டுபோனது. இராக் மறுசீரமைப்புக்கான அமெரிக்காவின் சிறப்புத் தலைமைத் தணிக்கையாளர் 2005 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை, இராக்கிய அமைச்சகங்களுக்குக் கொடுக்கப்பட்ட 880 கோடி டாலருக்குப் போதிய கட்டுப்பாடு இருக்கவில்லை என்றது. அதை உலகமே "880 கோடி காணாமல் போனது" என்று வாசித்தது. தணிக்கையாளர் சொன்னது அதுவல்ல. அதில் எவ்வளவு சம்பளமாகப் போயிற்று, எவ்வளவு களவு போயிற்று என்று சொல்லக்கூடிய ஆவணம் இல்லை என்பதுதான் அவர் சொன்னது. தணிக்கைத் தொழிலில் இருப்பவனுக்கு இந்த நிலை திருட்டைவிட மோசம், ஏனென்றால் திருட்டு நிரூபிக்கப்பட்டால் யாரையாவது பிடிக்கலாம்.

இதற்கு நேர் எதிரான உதாரணம் ஆப்கானிஸ்தானில் இருக்கிறது. அந்நாட்டு விமானப் படைக்காக அமெரிக்கா இத்தாலியத் தயாரிப்பான சரக்கு விமானங்கள் 20 வாங்கியது. திட்டச் செலவு 54.9 கோடி டாலர். உதிரி பாகம் கிடைக்காமல், பராமரிப்பு இல்லாமல், அவை பறந்ததைவிட நின்றதுதான் அதிகம்; கடைசியில் காபூலில் நின்ற 16 விமானங்களை உடைத்துப் பழைய இரும்புக் கணக்கில் ஏறத்தாழ 32,000 டாலருக்கு விற்றார்கள். இங்கே ரசீது எல்லாம் இருந்தது, ஒப்பந்தம் இருந்தது, ஒவ்வொரு டாலரும் எங்கே போனது என்று காட்ட முடிந்தது. இணையத்தில் போட்டால் போதுமா என்று கேட்டீர்களே, இந்த விமானங்களின் கணக்கை ஒரு பைசா விடாமல் போட்டிருந்தாலும் எதுவும் மாறியிருக்காது. அந்த நாட்டுக்கு அந்த விமானம் தேவையா, யார் பராமரிப்பார்கள் என்ற கேள்வியை வாங்குவதற்கு முன்னால் கேட்கக்கூடிய இடத்தில் யாரும் இருக்கவில்லை, அல்லது கேட்டவர் பேச்சு எடுபடவில்லை.

ஆகவே வெளிப்படைத்தன்மை என்று பொதுவாகச் சொல்லும்போது நாம் இரண்டு வேறு விஷயங்களைக் கலந்துவிடுகிறோம். ஒன்று மேல்நோக்கிக் காட்டுவது: களத்திலிருந்து தலைமையகத்துக்கு, தலைமையகத்திலிருந்து கொடையாளருக்கு, அங்கிருந்து அந்த நாட்டுப் பாராளுமன்றத்துக்கு. மற்றது கீழ்நோக்கிக் காட்டுவது: பணம் யாருக்காக வந்ததோ அவருக்கு. முதலாவதற்கு ஆட்கள், படிவங்கள், மென்பொருள், தணிக்கை நிறுவனங்கள் எல்லாம் உண்டு. அதைச் செய்யாவிட்டால் அடுத்த தவணை வராது. இரண்டாவதைச் செய்யாவிட்டால் யாருக்கும் எதுவும் ஆகாது. எங்கள் பக்கத்துச் சிறு தேயிலை விவசாயிக்கு இது சொல்லாமலே புரியும். கொள்முதல் இடத்தில் தராசு அவர் கண்முன்னே நிற்கும், மூட்டை எத்தனை கிலோ என்று அவரும் பார்ப்பார். ஈர இலைக்கும் முற்றிய இலைக்கும் எத்தனை கிலோ கழித்தார்கள் என்பது தொழிற்சாலையில் முடிவாகி மாதக் கடைசியில் சீட்டில் ஒரு எண்ணாக வரும். தொழிற்சாலையின் பதிவேட்டில் எல்லாம் சரியாகவே இருக்கும். கழித்த நேரத்தில் அவர் அங்கே இல்லை, அவ்வளவுதான்.

இனி உங்கள் பெரியம்மாவின் வீட்டுக்கு வருகிறேன், ஏனென்றால் இந்திய வீட்டுத் திட்டம் நான் அருகில் இருந்து பார்த்த திட்டங்களில் ஒன்று, அதன் நல்லதும் கெட்டதும் பாடமாக எடுத்துக்கொள்ளத் தக்கவை. இந்திய அரசு 50,000 வீடுகளுக்கு ஏறத்தாழ 1,372 கோடி இந்திய ரூபாய் மானியம் அறிவித்தது. முதல் 1,000 வீடுகளை ஒப்பந்ததாரர் கட்டினார்கள். அடுத்து, வடக்கிலும் கிழக்கிலும் 45,000 வீடுகளுக்கான கட்டம் 2012 அக்டோபர் 2 அன்று தொடங்கியபோது முறையையே மாற்றினார்கள். வீட்டுக்காரரே கட்டிக்கொள்வார், புது வீட்டுக்கு 5,50,000 இலங்கை ரூபாயும், பழுதுபார்ப்பதற்கு 2,50,000 ரூபாயும் தவணை தவணையாக அவருடைய வங்கிக் கணக்குக்கே நேரடியாகப் போகும். களத்தில் ஒத்தாசைக்கும் மேற்பார்வைக்கும் ஐ.நா.வின் குடியிருப்பு அமைப்பு, செஞ்சிலுவைச் சங்கங்களின் கூட்டமைப்பு, இன்னொரு தொண்டு அமைப்பு, இலங்கையின் தேசிய வீடமைப்பு அதிகாரசபை ஆகிய நான்கும் பொறுப்பேற்றன. கொடையாளரின் பணம் ஒப்பந்ததாரர் வழியாகவோ அமைச்சகம் வழியாகவோ போகாமல் பயனாளியின் பாஸ்புக்குக்குப் போனது என்பதே, என் கணிப்பில், அந்தத் திட்டத்தில் பெரிய அளவு முறைகேடு எழாமல் போனதற்கு முதல் காரணம். இடைவழி குறைந்தால் கசிவு குறையும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. உங்கள் பாட்டியின் கடனும் நேரே அவர் கணக்குக்குப் போயிருந்தால் தரகருக்கு வேலை இருந்திருக்காது. ஆனால் அந்தக் காலத்தில் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்து மண்டபம் முகாமில் இறங்கியவருக்கு வங்கிக் கணக்கு ஏது? கையெழுத்துப் போடத் தெரிந்த ஒருவன் பின்னால் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது, அவன் தரகனாகிப்போனான்.

பயனாளியைத் தேர்ந்தெடுத்த விதமும் கவனிக்கத் தக்கது. குடும்பத்தில் எத்தனை பேர், பெண் தலைமைதாங்கும் குடும்பமா, மாற்றுத்திறனாளி இருக்கிறாரா, முதியவரா, வீடு எவ்வளவு சேதம் என்று புள்ளி போட்டுப் பட்டியல் தயாரானது. பட்டியல் பொது இடத்தில் ஒட்டப்பட்டது, ஆட்சேபணைக்கு நாள் கொடுக்கப்பட்டது. ஒட்டிய அன்று பிரதேச செயலகத்தின் வராந்தாவில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் தணிக்கை என்றால் என்ன என்று புரியும். இளைஞர்கள் தங்கள் பெயரைத் தேடுவார்கள். வயதான பெண்கள் மற்றவர் பெயரை வாசிக்கச் சொல்லிக் கேட்பார்கள், கேட்டுக்கொண்டே, "அவளுக்கு வவுனியாவில கல்வீடு இருக்கெல்லோ" என்பார்கள். எந்த மென்பொருளும் கண்டுபிடிக்க முடியாத இரட்டைப் பதிவை அந்த வராந்தா அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடும். ஆனால் அந்தப் புகார் பதிவாக வேண்டும், பதிவானதற்கு எழுத்தில் பதில் வர வேண்டும். பெயர் நீக்கப்பட்டால் ஏன் என்று அதே பலகையில் எழுத வேண்டும். முதல் வேலை எல்லா இடத்திலும் நடந்தது. கடைசி வேலை கிராம சேவகரின் மனசாட்சியைப் பொறுத்து நடந்தது.

இப்போது கெட்டது. தவணை ஒவ்வொன்றும் ஒரு கட்ட வேலையோடு கட்டப்பட்டிருந்தது: அத்திவாரம் எழும்பினால் ஒன்று, சுவர் எழும்பினால் ஒன்று, கூரை ஏறினால் ஒன்று, கடைசி வேலை முடிந்தால் மீதி. தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்த்து, படம் எடுத்து, ஒப்பமிட்டால்தான் அடுத்தது வரும். ஒரு கட்டத்தை முடிக்கும் பணம் அந்தக் கட்டம் முடிந்த பிறகுதான் கிடைக்கும் என்றால் முன்பணம் யார் போடுவது? முள்ளிவாய்க்காலிலிருந்து உடுத்த துணியோடு வந்தவர்களிடம் முன்பணம் இருக்கவில்லை. அதோடு ஒரே வட்டாரத்தில் ஆயிரக்கணக்கான வீடுகள் ஒரே நேரத்தில் எழும்பியதால் மணல் விலையும் மேசன் கூலியும் ஏறின, தொகை மட்டும் அப்படியே நின்றது. நகை அடகு, வட்டிக் கடன், நுண்கடன் கம்பெனி என்று பலர் போனார்கள். ஒரு வீட்டைச் சொல்கிறேன். கிளிநொச்சிக்கு மேற்கே, கணவனை இழந்த பெண். கூரை ஏறியிருந்தது, கதவு நிலைகள் வைத்தாகிவிட்டது, ஆனால் கதவுக்குப் பதிலாகத் தறப்பாள் தொங்கியது. தச்சருக்குக் கொடுக்கப் பணமில்லை. கதவு போட்டால்தான் கடைசித் தவணை, கடைசித் தவணை வந்தால்தான் கதவு. எங்கள் கோப்பில் அந்த வீடு எப்படி இருந்தது என்றால், "கட்டம் நிறைவடையவில்லை, தொகை நிறுத்தி வைப்பு" என்று ஒரு வரி. எந்தத் தணிக்கையாளரும் குறை சொல்ல முடியாத வரி. அந்தப் பெண்ணிடம் கேட்டால், "மேல இருந்து வரேல்லை எண்டு சொல்லீனம்" என்றார். பணம் வராத காரணம் அவருடைய கதவுதான் என்பதையே யாரும் அவரிடம் தெளிவாகச் சொல்லியிருக்கவில்லை. உங்கள் பெரியம்மாவின் தவணையும் இப்படித்தான் நின்றிருக்கும் என்று நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் யாரோ தின்றுவிட்டார்கள் என்று முடிவுகட்டுவதற்கு முன் இந்த வாய்ப்பை முதலில் பாருங்கள்.

எனவே நான் உறுதியாகச் சொல்லக்கூடியவற்றில் முதன்மையானது, உதவி பெறுபவர் கையில் நான்கு செய்திகள் எழுத்தில், அவர் மொழியில் இருக்க வேண்டும் என்பது: மொத்தத் தொகை எவ்வளவு, எந்த வேலைக்கு எந்தத் தவணை, அதைச் சரிபார்ப்பவர் யார், நிறுத்தினால் காரணம் என்ன, எங்கே முறையிடுவது. (ஐந்தாகிவிட்டது, இருக்கட்டும்.) இதற்கு இணையதளம் தேவையில்லை. வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைக்கிற ஒரு சிறு கையேடு போதும். செலவு அற்பம். ஆனால் அதை அச்சிடும் எண்ணம் வர, கணக்குக் காட்ட வேண்டிய ஆள் கொடையாளர் மட்டுமல்ல என்று அமைப்பு முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவதாக உறுதியானது, காகிதத்தைப் பார்ப்பதோடு பொருளையும் அளக்க வேண்டும் என்பது. இதற்கு நல்ல சான்று இந்தோனேசியாவில் இருக்கிறது. பெஞ்சமின் ஓல்கன் என்ற பொருளியலாளர் ஜாவாவில் 600க்கும் மேற்பட்ட கிராமங்களில், கிராமமே போட்ட சாலைகளை எடுத்துக்கொண்டு, பொறியாளர்களை வைத்து சாலையில் குழி தோண்டி, எத்தனை அங்குலம் ஜல்லி, எவ்வளவு மணல் என்று அளந்து, கணக்கில் எழுதியதோடு ஒப்பிட்டார். அரசுத் தணிக்கை நிச்சயம் வரும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட கிராமங்களில், காணாமல் போகும் செலவு 8 சதவீதப் புள்ளிகள் குறைந்தது. மக்களைக் கூட்டத்துக்கு அழைத்துப் பேசவைத்ததால் சராசரியாகப் பெரிய மாற்றம் ஏற்படவில்லை. 2007இல் வெளியான இந்த முடிவு, "மக்கள் பங்கேற்பு" என்று மேடையில் முழங்குபவர்களுக்குப் பிடிக்காது. எனக்கும் முதலில் பிடிக்கவில்லை. ஆனால் அதே ஆய்வில் ஒரு நுட்பம் உண்டு: பெயர் போடாமல் கருத்து எழுதும் தாள்களைக் கிராம நிர்வாகிகள் வழியாகக் கொடுத்த இடத்தில் பயனில்லை, பள்ளிப் பிள்ளைகள் வழியாக வீட்டுக்கு அனுப்பிய இடத்தில் பயன் இருந்தது. இன்னொன்றும் உண்டு, தணிக்கை வந்த ஊர்களில் பணத் திருட்டு குறைந்தது, நிர்வாகிகளின் உறவினர்களுக்கு வேலை கொடுப்பது கூடியது. ஒரு வாசலை அடைத்தால் அடுத்த வாசலைத் தேடுகிற மனித சுபாவம் அது. ஜாவா போர் முடிந்த பூமியல்ல என்பதையும் மனதில் வைத்துக்கொண்டுதான் இதை வன்னிக்குப் பொருத்த வேண்டும். ஆனால் குழி தோண்டி அளப்பது எங்கும் செல்லும்.

இனி நான் ஐயத்தோடு சொல்ல வேண்டியவை. எல்லாவற்றையும் வெளியிட்டால் திருட்டு நிற்கும் என்பதற்கு அடிக்கடி காட்டப்படும் உதாரணம் உகாண்டா. உள்நாட்டுப் போரிலிருந்து மீண்ட அந்த நாட்டில் 1991-95 காலத்தில் பள்ளிகளுக்கு அரசு ஒதுக்கிய மானியத்தில் சராசரியாக 13 சதவீதம்தான் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தது என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். பிறகு ஒவ்வொரு மாவட்டத்துக்கும் போகும் தொகையை நாளிதழ்களில் வெளியிட்டார்கள், பள்ளிச் சுவரில் ஒட்டினார்கள். 2001 வாக்கில் 80 சதவீதம் போல வந்து சேர்ந்தது. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே ஆண்டுகளில் அந்த நாட்டின் நிதி நிர்வாகமே பலவழியில் திருத்தப்பட்டது, கொடையாளர் கண்காணிப்பும் கூடியது. நாளிதழுக்கு மட்டும் பெருமை கொடுப்பது பொருந்தாது என்று பின்னர் வந்தவர்கள் வாதிட்டார்கள். என் எண்ணம் அவர்கள் பக்கமே சாய்கிறது. வெளியிட்ட எண்ணை எடுத்துக்கொண்டு போய் யாரிடமாவது கேட்கலாம், கேட்டால் அந்த ஆளுக்கு ஏதாவது நடக்கும் என்ற நிலை இருந்தால்தான் எண்ணுக்குப் பலம். சுனாமிக்குப் பிறகு இலங்கையிலும் உதவித் திட்டங்கள் எல்லாவற்றையும் ஒரே தரவுத்தளத்தில் திரட்டி இணையத்தில் வைத்தார்கள். வவுனியாவில் நாங்கள் அதைப் பார்த்தோம், கொழும்பில் பார்த்தார்கள். கிளிநொச்சியில் கதவில்லாத வீட்டில் இருந்தவர் அதைப் பார்த்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

நிர்வாக அமைப்பை எப்படி நிறுவுவது என்பதிலும் ஒரே விடை கிடையாது. ஆப்கானிஸ்தானில் 2002இல் தொடங்கி உலக வங்கி நடத்திய பொது நிதியத்தில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது: அரசு தன் செலவுக் கணக்கைக் கொடுக்க வேண்டும், சுயேச்சையான கண்காணிப்பு நிறுவனம் ஒவ்வொன்றாகப் பார்த்துத் தகுதியுள்ள செலவுக்கு மட்டும் பணம் திருப்பிக் கொடுக்கும். இது அரசைப் புறக்கணிக்காமல், அரசுக்கே கணக்கு எழுதப் பழக்கியது. லைபீரியாவில் 2005இல் இதைவிடக் கடுமையான வழியை எடுத்தார்கள். முக்கிய வருவாய் நிறுவனங்களில் வெளிநாட்டு நிபுணரின் கையெழுத்தும் சேர்ந்தால்தான் காசோலை செல்லும். வருமானம் கூடியது உண்மை. நிபுணர் போன பிறகு பழக்கம் எவ்வளவு நிலைத்தது என்பதில் படித்தவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு, இறையாண்மை பற்றிய மனக்கசப்பும் உண்டு. நான் மிகவும் மதிக்கும் உதாரணம் இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணம். அங்கே 2004 சுனாமியும், முப்பது ஆண்டுக் கால உள்நாட்டுப் போரை முடித்த 2005 ஆகஸ்ட் ஒப்பந்தமும் அடுத்தடுத்து வந்தன. குந்தோரோ மங்குசுப்ரோதோ என்பவர் தலைமையில் நான்கே ஆண்டுகளுக்கென்று ஒரு மறுசீரமைப்பு நிறுவனத்தை அமைத்தார்கள். ஜகார்த்தாவில் உட்காராமல் ஆச்சேயிலேயே அலுவலகம் போட்டார்கள். லஞ்சத்துக்கு எதிரான தனிப் பிரிவு, நேர்மை உறுதிமொழியில் கையெழுத்து, சோதிக்கப்படாத ஆளுக்குப் பொறுப்பில்லை என்ற விதி, தரமான சம்பளம் எல்லாம் தொடக்கத்திலேயே வந்தன. 2009 ஏப்ரலில் சொன்னபடி மூடியும் விட்டார்கள். அறிவிக்கப்பட்ட 720 கோடி டாலரில் 670 கோடி டாலர் உண்மையில் வந்து சேர்ந்தது என்பது இந்தத் துறையில் அபூர்வம். அங்கேயும் மோசமான வீடுகள் கட்டப்பட்டன, இடித்துத் திரும்பக் கட்டினார்கள். ஆனால் இடித்தது எல்லோருக்கும் தெரிந்தது.

வெளியிடுவதிலேயே ஓர் ஆபத்து உண்டு, அதைப் பற்றி அமைதியான ஊர்களில் இருப்பவர்கள் யோசிப்பதில்லை. போர் முடிந்த ஊரில் பயனாளிப் பட்டியல் வெறும் பெயர்ப் பட்டியல் அல்ல. தனியாக இருக்கும் பெண் யார், யாருடைய கணக்குக்கு எந்த வாரம் பணம் வரும், முன்னாள் போராளி யார், காணாமல் போனவரின் மனைவி யார் என்பதையெல்லாம் அது சொல்லிவிடும். 2009க்குப் பின் வடக்கில் பணியாற்றுவதற்கே ஜனாதிபதி அமைத்த சிறப்புச் செயலணியின் அனுமதி வேண்டியிருந்த காலத்தில், இந்த விவரங்கள் யார் கைக்கும் போகலாம் என்ற பயம் மக்களுக்கு இருந்தது. ஆகவே பெயரும் தொகையும் கட்டமும் ஊர்ப் பலகையில் இருக்கலாம். எந்த வகையில் தகுதி பெற்றார் என்ற விவரம் கோப்பிலேயே இருக்கட்டும் என்பது என் கருத்து. இணையத்தில் தனிநபர் பெயர் கூடாது. எண்ணிக்கையும் ஒப்பந்தமும் விலையும் இணையத்துக்குப் போகட்டும், பெயர் பலகையோடு நிற்கட்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். கிராமத்தில் எத்தனை பலகை வைத்தாலும் பெரிய தொகை கிராமத்துக்கு வருவதற்கு முன்னாலேயே தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. 2016 வாக்கில் இலங்கை அரசு வடக்கு, கிழக்கில் 65,000 ஆயத்த எஃகு வீடுகளை ஒரு பன்னாட்டு நிறுவனத்திடமிருந்து, கடன் ஏற்பாட்டின் கீழ் வாங்கத் திட்டமிட்டது; ஒரு வீடு ஏறத்தாழ 21 லட்சம் இலங்கை ரூபாய். அதில் பாதி விலையில் கல்வீடு கட்டலாம் என்று உள்ளூர்ப் பொறியாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள், வன்னி வெயிலுக்கு எஃகு வீடு பொருந்துமா, விறகு அடுப்புப் புகை எங்கே போகும் என்று கேட்டார்கள். திட்டம் சுருங்கி, பின்னர் கைவிடப்பட்டது. இங்கே வெளிப்படைத்தன்மை வேலை செய்தது என்றால், அதற்குக் காரணம் விலை முன்கூட்டியே வெளியே தெரிந்ததும், அதை வாசித்து எதிர்க்கணக்குப் போடத் தெரிந்தவர்கள் உள்ளூரில் இருந்ததும்தான். கடன் உதவியில் இதைவிட இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கொடுக்கும் நாட்டின் கம்பெனிதான் வேலை எடுக்க வேண்டும் என்ற நிபந்தனை சீனக் கடனிலும் உண்டு, இந்தியக் கடனிலும் பொதுவாகப் பெரும்பகுதிப் பொருளை இந்தியாவிலிருந்து வாங்க வேண்டும். போட்டி அங்கேயே சுருங்கிவிடுகிறது. கட்டிக்கொடுத்ததற்கு நன்றி சொல்லலாம், விலை சரிதானா என்று ஒப்பிடுவதற்கு மட்டும் வழியிருக்காது.

நம் பக்கமும் பார்ப்போம். இந்தியாவில் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் 2010இல் புதுப்பிக்கப்பட்டு 2020இல் இறுக்கப்பட்டது. பணம் டெல்லியில் ஒரே வங்கிக் கிளையில்தான் இறங்க வேண்டும், நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, ஒரு நிறுவனம் இன்னொன்றுக்கு மாற்றிக் கொடுக்கக்கூடாது. அரசுக்குக் கணக்குத் தெரிகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் கூடலூரிலோ கோத்தகிரியிலோ ஒரு பழங்குடிக் கிராமத்தில், தங்கள் பெயரில் வந்த நன்கொடை எவ்வளவு என்று தெரிந்த ஒரு மூப்பரை நான் சந்தித்தது மிக அரிது. மாறாக, மலையின் உள்ளே வேலை செய்யும் மிகச் சிறிய அமைப்புகள், பெரிய நிறுவனத்திடமிருந்து பகிர்ந்து பெற்றுவந்த சொற்பப் பணத்தை இழந்தன. கட்டுப்பாடும் வெளிப்படைத்தன்மையும் வேறு வேறு என்பதற்கு நான் வெகுதூரம் போக வேண்டியதில்லை.

கடைசியாக, உங்கள் பெரியம்மாவின் தவணை. இலங்கையில் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. இலங்கைக் குடிமகன் மட்டுமே விண்ணப்பிக்க முடியும், எனவே பெரியம்மாவோ அவர் பிள்ளைகளோ கேட்க வேண்டும், தமிழிலேயே எழுதலாம். பிரதேச செயலகத்தின் தகவல் அதிகாரிக்கு, குடும்பத்தின் பயனாளி இலக்கத்தைக் குறிப்பிட்டு, எந்தத் தேதியில் எந்தத் தவணை விடுவிக்கப்பட்டது, கடைசித் தவணை விடுவிக்கப்படாவிட்டால் எழுத்திலுள்ள காரணம் என்ன, கடைசிப் பரிசோதனை அறிக்கையின் நகல் எங்கே என்ற மூன்றை மட்டும் கேட்கச் சொல்லுங்கள். நீளமாகப் புகார் எழுத வேண்டாம். 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா மறுப்பதா என்று அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு, அதற்கு மேல் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு உண்டு. வெளிநாட்டு அரசின் பணத்தில் பெரும்பாலும் இயங்கி மக்களுக்குச் சேவை செய்யும் தொண்டு அமைப்புகளும், அந்தச் சேவையைப் பொறுத்தவரை, இந்தச் சட்டத்துக்குள் வருகின்றன என்பது பலருக்குத் தெரியாது. அந்த வட்டாரத்தில் மேற்பார்வை பார்த்த அமைப்புக்கும் இதே மூன்று கேள்விகளை அனுப்பலாம். நீங்கள் இந்தியக் குடிமகன், கொடுத்தது உங்கள் வரிப்பணம். இந்தியாவின் 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டி வெளியுறவு அமைச்சகத்திடம், கிளிநொச்சி மாவட்டத்தில் கடைசித் தவணை நிலுவையில் உள்ள வீடுகள் எத்தனை என்று கேளுங்கள். அயல்நாட்டு உறவு என்று சொல்லி மறுக்க அவர்களுக்குச் சட்டத்தில் பிரிவு உண்டு, மறுக்கவும் கூடும். ஆனால் நீங்கள் தனிநபர் பெயரைக் கேட்கவில்லை, எண்ணிக்கையைத்தான் கேட்கிறீர்கள், ஆகவே முதல் மேல்முறையீட்டில் அதை வலியுறுத்துங்கள். பெரியம்மாவிடம் பாஸ்புக் இருந்தால், தொகை வரவான பக்கங்களின் நகலை இப்போதே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். கையேடோ பரிசோதனைச் சீட்டோ ஏதாவது வீட்டில் இருந்தால் அதையும் சேர்த்து.